பக்குவமும் பழியும்: ஆசிரியரை மீட்பராகக் காட்டும் கதைகள் பற்றி

சமூகம் கைவிட்ட பிள்ளைகளை ஓர் ஆசிரியர் தனியொருவராக நின்று கரைசேர்க்கும் கதை, கடந்த அரை நூற்றாண்டில் திரைப்படத்திலும் தொலைக்காட்சி நாடகத்திலும் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் பார்ப்பவர் கண்கலங்குவதும் விமர்சகர் குறைகாண்பதும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடந்துவருகின்றன. கதை முன்பே தெரிந்தது, வசனம் உபதேசமாக ஒலிக்கிறது, கல்வி அமைப்பின் குற்றத்தை ஒரு தனிமனிதரின் தியாகம் மூடி மறைக்கிறது என்று விமர்சகர் சொல்லும் குறைகள் கலையையோ அரசியலையோ சார்ந்தவை. அவற்றுக்கு அடியில், சமயத்துக்கும் மெய்யியலுக்கும் உரிய வேறொரு வினா கிடக்கிறது: ஒருவருடைய அறியாமை நீங்கும்போது அதை நீக்குபவர் யார்? கற்பிப்பவரா, கற்பவரா, இருவரையும் கடந்த ஒன்றா? தமிழ்ச் சைவ சித்தாந்தம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த வினாவை விடாமல் எண்ணிவந்திருக்கிறது. அதன் விடை, ஆசிரியரை வழிபடும் ரசிகரையும் அவரை ஐயுறும் விமர்சகரையும் ஒருசேரத் திருத்தவல்லது. ஆனால் அதே விடையை வகுப்பறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் விளையக்கூடிய தீங்கும் சிறிதன்று. மலேசியாவின் சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் உள்ள அம்பாங்கானையும் அதைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களையும் போன்ற ஊர்களின் தமிழ்ப்பிள்ளைகளை முன்னிறுத்திப் பார்த்தால் இவ்விரண்டும் தெளிவாகும்.

தமிழில் இவ்வகைக் கதைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் இரண்டு. ஒன்று, அன்பழகன் இயக்கி, சமுத்திரக்கனி அரசுப்பள்ளி ஆசிரியராக நடித்து 2012-இல் வந்த ‘சாட்டை’. மற்றொன்று, கௌதம்ராஜ் இயக்கத்தில் 2019 ஜூலை 5 அன்று வெளிவந்த ‘ராட்சசி’. பின்னதில் ஜோதிகா ஏற்ற கீதா ராணி என்னும் தலைமையாசிரியை, முன்னர் இராணுவத்தில் பணியாற்றியவர்; சீரழிந்துகிடக்கும் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்கு வந்து, கடமை தவறும் ஆசிரியர்களை நெறிப்படுத்தி, இடைநின்ற பிள்ளைகளைத் திரும்ப அழைத்து, தனியார் பள்ளி முதலாளியின் பகையையும் தாங்கி நின்று பள்ளியை மீட்கிறார். தமிழ்நாட்டில் படத்துக்குக் கிடைத்த வரவேற்பு பிளவுபட்டது. நோக்கம் நல்லது, சொல்லும் முறையில் பிரசாரம் மிகுதி என்பது விமர்சகர் பலரின் கருத்தாக இருந்தது. அரசுப்பள்ளி ஆசிரியர்களை இழிவுபடுத்துகிறது என்று ஆசிரியர் சங்கத்தாரிடமிருந்து எதிர்ப்பும் எழுந்தது. இந்த எதிர்ப்பைத் தொழிற்சங்கத் தற்காப்பு என்று ஒதுக்குவது முறையாகாது, ஏனெனில் ஒரே ஓர் ஆசிரியரை ஒளிமிக்கவராகக் காட்டுவதற்காக மற்ற அனைவரையும் இருட்டில் நிறுத்துவது இவ்வகைக் கதையின் இயல்பான உத்தி.

மலேசியாவில் அப்படத்துக்கு எதிர்பாராத ஒரு விமர்சகர் கிடைத்தார். அப்போது கல்வி அமைச்சராக இருந்த மஸ்லி மாலிக், 2019 ஆகஸ்டில் ‘ராட்சசி’யைப் பார்த்துவிட்டுத் தம் முகநூல் பக்கத்தில் அதைப் பாராட்டி எழுதினார்; நாட்டின் கல்வியில் தாம் கொண்டுவர விரும்பும் மாற்றங்களோடு படத்தின் காட்சிகளைப் பொருத்திக்காட்டினார். நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடத்தில், அரபு வரிவடிவில் மலாய் எழுதும் ஜாவி எழுத்துக்கலையைச் சேர்ப்பது குறித்துச் சீன, தமிழ்க் கல்வி அமைப்புகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்துவந்த மாதங்கள் அவை. அந்தச் சூழலில் ஒரு மலாய் அமைச்சர் தமிழ்ப்படம் ஒன்றை மனமாரப் போற்றியது மலேசியத் தமிழரிடையே பெருமிதத்தையும், தமிழ்நாட்டில் படக்குழுவினரிடையே மகிழ்ச்சியையும் உண்டாக்கியது. ஆயினும் பாராட்டியவர் யார் என்பது இங்கே பாராட்டைவிட முக்கியமானது. கீதா ராணி தன் ஒருத்தியின் துணிவால் செய்து முடிப்பவற்றைச் சட்டத்தாலும் நிதியாலும் செய்யும் அதிகாரம் பெற்றவர் அவர்.

இக்கதைக்கு ஆங்கில உலகில் நீண்ட மரபு உண்டு. பெருநகரங்களின் வறிய பகுதிகளில் உள்ள கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளின் பள்ளியே அதன் வழக்கமான களம். சிக்காகோவில் தம் சொந்த முயற்சியால் 1975-இல் பள்ளி தொடங்கிய மார்வா காலின்ஸ் பற்றி 1981-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி நாடகத்தில் சிசிலி டைசன் நடித்தார். அடுத்த ஆண்டே அவருடைய சாதனைகள் மிகைப்படுத்தப்பட்டவையா என்ற கேள்விகள் பொதுவெளியில் எழுந்தன. வட கரோலினாவிலிருந்து நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்து கற்பித்த ரான் கிளார்க் பற்றிய நாடகம் 2006-இல் தொலைக்காட்சியில் வந்தது. அதில் நடித்த மேத்யூ பெர்ரியின் பெயர் எம்மி விருதுக்கு முன்மொழியப்பட்டது. வெளியிலிருந்து வரும் வெள்ளையர் ஒருவர் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மீட்பராகிறார் என்னும் அமைப்பு, அந்தப் பிள்ளைகளின் பெற்றோரையும் அவர்களுடைய சமூகத்தையும் கையாலாகாதவர்களாக ஆக்கிவிடுகிறது என்பது இவ்வகைக் கதைகள் மீது தொடர்ந்து வைக்கப்படும் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு சரியானதே, ஆனால் மார்வா காலின்ஸ் தாமே கறுப்பினத்தவர் என்பதை நினைத்தால், நிறத்தை மாற்றுவதால் மட்டும் கதையின் குறை தீர்ந்துவிடாது என்பதும் விளங்கும்.

லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப்பள்ளியில் கணிதம் கற்பித்த ஹைமே எஸ்கலாண்டேயின் கதை இவற்றுள் கூர்ந்து பார்க்கத்தக்கது. 1988-இல் வந்த திரைப்படம், அடிப்படைக் கணக்கே தெரியாத பிள்ளைகளை அவர் மிகக் குறுகிய காலத்தில் நுண்கணிதத் தேர்வில் வெற்றிபெறச் செய்ததுபோல் காட்டுகிறது. உண்மையில் அவர் 1974-இல் அப்பள்ளிக்கு வந்தார். 1978-இல்தான் முதல் நுண்கணித வகுப்பு தொடங்கியது. 18 மாணவர் தேர்ச்சி பெற்று, அவர்களுள் 14 பேர் மீது ஐயம் எழுந்து, மறுதேர்வு எழுதிய 12 பேரும் மீண்டும் தேர்ச்சி பெற்றது 1982-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கீழ்வகுப்புகளின் கணிதப் பாடத்தை அவர் சக ஆசிரியர்களோடு சேர்ந்து படிப்படியாக உயர்த்தினார். தலைமையாசிரியர் ஹென்றி கிராடியாஸ் அவருக்குத் துணைநின்றார். அந்தத் தலைமையாசிரியர் மாறி, எஸ்கலாண்டேயும் 1991-இல் விலகியபின் அத்திட்டம் மெலிந்தது. திரைப்படம் வெட்டி எறிந்தது 1974 முதல் 1982 வரையிலான எட்டு ஆண்டுகளைத்தான். சைவ சித்தாந்தியின் கண்ணுக்கு அந்த எட்டு ஆண்டுகளே கதையாகப் படும்.

சித்தாந்த மரபில் உயிர் மூன்று தளைகளால் கட்டுண்டது: அறிவை மறைக்கும் ஆணவம், செயலின் விளைவாகிய கன்மம், உடலும் உலகுமாகிய மாயை. இம்மூன்றாலும் கட்டுண்ட உயிர்களைச் சகலர் என்பர். சகலருக்கு இறைவன் மனித குருவின் வடிவில் மறைந்து வந்து உணர்த்துகிறான் என்பது கொள்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்டாரின் சிவஞானபோதம் எட்டாம் நூற்பாவில் இதற்கு ஓர் உவமையைத் தருகிறது: வேடரிடையே வளர்ந்து தன்னை வேடன் என்றே எண்ணியிருக்கும் அரசகுமாரனைப் போல, ஐம்புலன்களிடையே வளர்ந்து உயிர் தன் இயல்பை மறந்திருக்கிறது, குரு வந்து அதற்கு அதன் குலத்தை நினைவூட்டுகிறார். இல்லாத ஒன்றை குரு புதிதாகப் புகட்டுவதில்லை. அவர் வருவதற்கும் ஒரு காலம் உண்டு. ஆணவத்தின் மறைப்பாற்றல் தளர்ந்து நீங்குவதற்கு ஏற்ற நிலையை அடைவது மலபரிபாகம். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் உயிர் ஒன்றுபோல் ஏற்கும் நிலை இருவினையொப்பு. அப்போது அருள் வந்து பதிவது சத்திநிபாதம். இப்படிப் பக்குவம் முற்றிய உயிருக்கு குருவின் ஒரு சொல் போதும். முற்றாத உயிருக்கு ஆயிரம் சொல்லும் பயன்படா.

மெய்கண்டாருக்கும் அருள்நந்தி சிவாசாரியாருக்கும் நேர்ந்ததாக மரபு சொல்லும் நிகழ்ச்சி இக்கொள்கையைக் காட்சியாகவே ஆக்கித்தருகிறது. அருள்நந்தி ஆகமங்களில் துறைபோகியவர், மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குரு, வயதில் மூத்தவர். திருவெண்ணெய்நல்லூரில் சிறுவர் ஒருவர் மாணவர்களுக்குப் பாடம் சொல்வதைக் கேள்வியுற்று, சினத்தோடு வந்து நின்று, ஆணவ மலத்தின் இயல்பு யாது என்று வினவினார். சிறுவர் மறுமொழி கூறாமல், வினவியவர் நிமிர்ந்து நின்ற நிலையையே நோக்கினார். அந்த நோக்கில் விடை இருந்தது. அருள்நந்தி அடிபணிந்து மாணவரானார். கேட்டவர் பல்லாண்டு கற்றுத் தேர்ந்திராவிட்டால் அந்தப் பார்வை அவருக்கு எதையும் சொல்லியிராது. கற்றவற்றையெல்லாம் ஒரு நொடியில் விட்டுப் பணிய அவரால் இயன்றது, அவர் உள்ளே நெடுங்காலமாக நடந்துவந்த வேலையின் பயன். ஆசிரியர் திரைக்கதைகள் அந்த ஒரு பார்வையை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. மாணவருடைய தவத்தை விட்டுவிடுகின்றன.

ஐரோப்பிய மெய்யியலில் இதே சிக்கலைக் கூர்மையாக எடுத்தவர் டென்மார்க்கின் கீர்க்ககார். 1844-இல் வெளியிட்ட ஒரு நூலில் அவர் இருவகை ஆசிரியரைப் பிரித்துக்காட்டினார். சாக்ரட்டீஸ் மாணவருக்குள் ஏற்கெனவே இருக்கும் உண்மையை வெளிக்கொணரும் வெறும் வாய்ப்பு மட்டுமே. அவர் இல்லாவிட்டால் வேறொருவர் அந்த வாய்ப்பாக இருந்திருக்கலாம், ஆகவே மாணவர் அவருக்கு ஆயுட்காலக் கடன்பட்டவர் அல்லர். உண்மையையும் அதைப் பெறும் தகுதியையும் சேர்த்தே வழங்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவரை ஆசிரியர் என்று சொல்வதே போதாது, அவர் மீட்பர். அந்த இடம் கடவுளுக்கு மட்டுமே உரியது. சித்தாந்தம் குருவை இறைவனாகவே போற்றுவதால் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பதுபோல் தோன்றும். ஆனால் அங்கே போற்றப்படுவது குருவாகிய மனிதர் அல்லர், அவரிடம் மறைந்துநின்று உணர்த்தும் அருள். எனவே கீதா ராணியையும் ரான் கிளார்க்கையும் மீட்பராக்கும் கதை இரு மரபின்படியும் பிழைபட்டது: அருளுக்கு உரிய இடத்தை மனிதருக்குக் கொடுக்கிறது, மாணவருக்கு உரிய உழைப்பை அவரிடமிருந்து பறிக்கிறது.

இவ்வளவும் சொல்லியபின், தோட்டப்புறத் தமிழர் ஏன் இக்கதைகளைப் பார்த்து அழுகிறார்கள் என்ற கேள்வியை அன்போடு அணுக வேண்டியிருக்கிறது. மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்றது. சட்டத்தின் எழுத்துக்கு அடங்கிப் பல தோட்டங்கள் நடத்திய பள்ளி என்பது, ஒரு கொட்டகையும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிராணியோ கங்காணியோ ஆகும். கிராணி என்பவர் தோட்ட அலுவலகக் கணக்கர், கங்காணி என்பவர் ஆள்கட்டி வேலைவாங்கும் மேலாள். பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து பெற்றோர் பால்மரம் வெட்டப் போனபின், ஒரே அறையில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அமர்ந்திருக்க, ஒருவர் சிலருக்கு வாய்ப்பாடும் சிலருக்கு உயிரெழுத்தும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். அந்த அறையில் பிள்ளைகள் கண்ட ஒரே படித்த மனிதர் அவர்தாம். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீட்டுக்கு வெளியே ஓர் உலகம் உண்டு என்பதற்கு அவரே சான்று. நல்லவராக வாய்த்திருந்தால் அவரைத் தெய்வமென்று எண்ணியதில் வியப்பில்லை. மலேசியத் தமிழ் இலக்கியத்தின் எழுத்தாளருள் பலர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாக இருந்ததும் தற்செயல் அன்று.

அந்நிலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. விடுதலைக் காலத்தில் 800-க்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520-க்குச் சற்று மேல் என்ற அளவில் உள்ளன. அவற்றுள் பல, 150-க்கும் குறைந்த பிள்ளைகளைக் கொண்ட ‘குறைந்த மாணவர் பள்ளி’ வகையைச் சேர்ந்தவை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பாக வைத்துக் கற்பிக்கும் முறையும் தொடர்கிறது. நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு போன்ற வட்டாரங்களின் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபோது, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சிரம்பானின் ஓரங்களிலும் அம்பாங்கான் போன்ற புறநகர்களிலும் குடியேறின. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்த பிள்ளை, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லையெனில் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்த பின்னரே இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்குச் செல்ல முடியும். தமிழ் கற்பித்த ஆசிரியரின் நிழல் அங்கே இல்லை. பலர் படிப்பை விட்டதும் அந்த மாறுதலின் ஆண்டுகளில்தான்.

சித்தாந்த விடையின் அபாயம் இந்த இடத்தில் தலைகாட்டுகிறது. பக்குவம் இல்லாத மாணவருக்கு ஆசிரியரின் சொல் பயன்படாது என்று ஒருவர் நம்பினால், தோற்ற பிள்ளையைப் பார்த்து, இவனுக்குப் பக்குவம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கைகழுவுவது மிக எளிது. தமிழ் மரபில் இந்த நழுவலுக்கு இடமும் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல், பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகிறது: அன்னமும் பசுவும் போன்றவர் தலையாயவர், மண்ணும் கிளியும் போன்றவர் இடையாயவர், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் கடையாயவர். நன்னூல் ஆசிரியருக்கும் கடுமையான இலக்கணம் வகுக்கிறது. ஆனால் பள்ளிகளின் நடைமுறையில் நிலைத்தது மாணவரைத் தரம்பிரித்ததே. மதிப்பெண்ணால் வகுப்புப் பிரித்து, கடைசி வகுப்புக்குச் சென்ற பிள்ளையை எதற்கும் ஆகாதவன் என்று ஆண்டுக்கணக்கில் உணரவைத்த பள்ளிகள் எல்லா மொழியிலும் இருந்தன; தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை அந்தக் கடைசி வகுப்பின் நிரந்தரக் குடிமகனாக எண்ணப்பட்டான். ஓட்டைக்குடம் என்று பெயரிடப்பட்ட பிள்ளைக்கு, உன்னால் முடியும் என்று சொல்லும் ஒருவர் எவ்வளவு பெரியவராகத் தெரிவார் என்பதை விமர்சகர் எளிதில் மறந்துவிடுகிறார்.

2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜெகாட்’ என்னும் மலேசியத் தமிழ்ப்படம், மீட்பர் வராத கதையைச் சொன்னது. தோட்டம் உடைந்து புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பத்தின் சிறுவன் அப்போய், கற்பனை நிறைந்தவன். படிப்பால் மகன் உயர வேண்டும் என்று தவிக்கும் தந்தையின் அடிக்கும், அவனுடைய திறனைக் காணாத பள்ளிக்கும் இடையே நசுங்கி, குண்டர் வாழ்வின் கவர்ச்சியை நோக்கிச் சரிகிறான். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் அப்படம் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வுபெற்றது. மெய்யியல் நோக்கில் அது ‘ராட்சசி’யைவிடக் கடினமான வினாவை எழுப்புகிறது. பக்குவம் முற்றியவுடன் குரு வந்தே தீருவார் என்பது சித்தாந்தத்தின் உறுதி, அருள் தாமதிப்பதில்லை. அப்போயைப் போன்ற பிள்ளைகள் ஆயத்தமாக நின்றும் யாரும் வரவில்லை என்பது தோட்டங்களின் வரலாறு. அந்த வரலாற்றை, அவர்கள் ஆயத்தமாக இல்லை என்று திருப்பி எழுதினால் கொள்கை காப்பாற்றப்படும், பிள்ளை பலியாவான்.

இதற்கு மரபுக்குள்ளேயே ஒரு மறுமொழி இருக்கிறது. உமாபதி சிவாசாரியார் தில்லையின் தீட்சிதர் குலத்தில் பிறந்து, மறைஞானசம்பந்தரிடம் மாணவராகி, அதன் விளைவாகக் குலத்தாரால் ஒதுக்கப்பட்டவர். அவருடைய மடத்துக்கு விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பான் என்னும் தாழ்த்தப்பட்ட குலத்தவருக்கு வீடுபேறு அளிக்குமாறு இறைவனே அவருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பியதாக மரபு கூறும். அவர் அப்படியே தீட்சை தந்தார், சாம்பான் ஒளியில் கலந்தார். பக்குவத்தைப் பற்றி ஆழ்ந்து எழுதிய ஆசானுக்கே, தம் மடத்துக்கு வந்துபோன ஒருவரின் பக்குவத்தைச் சொல்ல ஒரு சீட்டு தேவைப்பட்டது என்பது இக்கதையில் தவறவிடக்கூடாத செய்தி. சாதி காட்டும் அடையாளமும் தொழில் காட்டும் அடையாளமும் பக்குவத்தின் அடையாளங்கள் அல்ல. பக்குவம் மனிதக் கண்ணுக்குப் புலப்படுவதன்று. அப்படியாயின் அக்கொள்கையிலிருந்து ஆசிரியர் பெறத்தக்க நெறி ஒன்றே ஒன்று: வெற்றி நேர்ந்தால் அது தம் ஆற்றலால் நேர்ந்தது என்று எண்ணாதிருப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும், தோல்வி நேர்ந்தால் பிள்ளை மீது தீர்ப்பாக அதை ஒருபோதும் எழுதக்கூடாது. ஆசிரியர் தம்மைப் பற்றி மட்டுமே பக்குவத்தின் மொழியைப் பேச உரிமையுடையவர். முன்னால் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரையும், சீட்டு இன்னும் வந்துசேராத சாம்பானாக நடத்துவது அவர் கடன்.

மீட்பர் ஒருவரை எதிர்பாராமல் இந்தக் கடனைச் சுமக்கும் வழியும் மலேசியாவில் தோன்றியது. வரலாற்று அறிஞர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பள்ளிக்கு வெளியே துணைப்பாட வகுப்புகளை நாடெங்கும் நடத்தியது. அது ஆண்டுதோறும் மாணவரையும் பெற்றோரையும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையாக அழைத்துச்செல்லும் வழக்கத்தையும் ஏற்படுத்தியது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் அதே மலைக்கு, தேர்வெழுதும் பிள்ளை நேர்ந்துகொண்டு செல்கிறது. சமயத்தைத் தேர்வு வெற்றிக்குக் கருவியாக்குவதாக இதைக் குறைகாண்பவர் உண்டு. ஆனால் நேர்த்தி என்பது நேர்ந்துகொள்பவரைக் கட்டுப்படுத்தும் வாக்கு. படியேறும் பிள்ளை தன் உழைப்பைத் தானே உறுதிசெய்கிறது, உடன் ஏறும் தாயும் தந்தையும் அதற்குச் சாட்சியாகிறார்கள். திரைக்கதை பிள்ளையிடமிருந்து பறித்த தவத்தை இந்த யாத்திரை திருப்பிக் கொடுக்கிறது.

‘ராட்சசி’யிலும் இதற்கான வித்து இல்லாமல் இல்லை. கீதா ராணி சண்டையிடும் காட்சிகளைவிட, சோம்பிக்கிடந்த ஆசிரியர்களைத் திரும்ப வகுப்பறைக்குள் அனுப்பும் காட்சிகளும், படிப்பை விட்ட பிள்ளைகளை மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவரும் காட்சிகளுமே அப்படத்தின் உண்மையான வலிமை. அவற்றில் தலைமையாசிரியை மீட்பராக இல்லாமல், மற்றவர் தத்தம் கடமையைச் செய்வதற்கு வாய்ப்பாக இருக்கிறார். ஆனால் அவரால் ஆகாதவையும் உண்டு. பசியோடு வரும் பிள்ளைக்குத் தொடர்ந்து உணவளிப்பது, சிறு பள்ளிகளுக்குப் போதிய ஆசிரியரை நியமிப்பது, தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய் இடைநிலைக்குச் செல்லும் பாதையில் துணைநிற்பது ஆகியவை அரசின் கைக்கு உரியவை. படத்தைப் பாராட்டிய அமைச்சர், எல்லாத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசக் காலை உணவு அளிக்கும் திட்டம் ஒன்றை அதே 2019-இல் அறிவித்திருந்தார்; அது அறிவித்த வடிவில் தொடங்குவதற்கு முன்பே, 2020 ஜனவரி முதல் வாரத்தில் பதவி விலகினார். கீதா ராணிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒருவர் மலேசியாவில் இருந்தாரென்றால் அது அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர்தாம். அவருடைய பாராட்டில் மகிழ்ந்த தமிழர்கள், அந்தத் திட்டம் என்னவாயிற்று என்று அந்தப் பாராட்டுக்குக் காட்டிய அதே ஆர்வத்தோடு கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர் ஒவ்வொருவருக்கும் உரியது.